அமெரிக்காவில் பைபிள் ஆட்சி வருமா?

அமெரிக்காவில் பைபிள் சட்டப்படி ஆட்சி கேட்கும் இயக்கங்கள் நிஜ ஆபத்தா, வெறும் பூச்சாண்டியா என்று கேட்டிருக்கிறீர்கள்.

முழு மத ஆட்சி வராது என்றே நினைக்கிறேன். பழைய ஏற்பாட்டுத் தண்டனைகளை இன்றும் நிறைவேற்றச் சொன்ன அமெரிக்க இறையியலாளர் ரஷ்டூனியை (1916–2001) சுவிசேஷ சபைக்காரர்களிலேயே பெரும்பாலோர் ஏற்கவில்லை.

அதற்காகச் சிரித்து ஒதுக்கவும் முடியாது. அலபாமா மாநிலத்தைப் பாருங்கள். மொபீல் நகர மருத்துவமனை ஒன்றில் செயற்கைக் கருத்தரிப்புக்காக உறைய வைத்திருந்த கருக்களை, உள்ளே நுழைந்த ஒருவர் எடுத்துக் கீழே போட்டுவிட்டார். பெற்றோர் வழக்குப் போட்டார்கள். 2024 பிப்ரவரியில் மாநில உச்ச நீதிமன்றம், குழந்தையின் சாவுக்குக் காரணமானவர் மீது பெற்றோர் வழக்குப் போட வழிசெய்யும் 1872ஆம் ஆண்டுச் சட்டப்படி அந்தக் கருக்களும் குழந்தைகளே என்றது. தலைமை நீதிபதி டாம் பார்க்கர் தனியாக எழுதிய கருத்தில் பைபிளின் முதல் நூலான ஆதியாகமம் வருகிறது, கடவுளின் கோபமும் வருகிறது! தீர்ப்பா, பிரசங்கமா என்று தோன்றும். கருத்தரிப்பு மையங்கள் சில சிகிச்சையை நிறுத்தின.

அப்புறம் என்ன ஆனது? எதிர்ப்பு கிளம்பியதும், மூன்றே வாரத்தில் குடியரசுக் கட்சியின் கையிலிருந்த சட்டமன்றமே மையங்களுக்கு வழக்குகளிலிருந்து பாதுகாப்புத் தரும் சட்டம் கொண்டுவந்தது. ஆனால் கருவும் குழந்தையே என்ற தீர்ப்பை அது தொடவில்லை. பார்க்கரும் ஆட்சியைக் கவிழ்த்து வந்தவரல்ல. அலபாமாவில் நீதிபதிகளையும் மக்கள்தான் ஓட்டுப் போட்டுத் தேர்ந்தெடுக்கிறார்கள்.