டச்பேயில் மாமா கண்டுவிட்டார் என்ற தங்கச்சிக்கு

தங்கச்சி, திருகோணமலை டச்பே கடற்கரையில கிண்ணியா முஸ்லிம் பொடியனோட இருந்ததை மாமா கண்டிட்டார், "மதம் மாறாமல் கலியாணம் முடிக்கேலாது, அம்மாட்டச் சொல்லப்போறன்" எண்டு வெருட்டுறார் என்று எழுதியிருக்கிறீங்க. மாமா சொன்னது பிழை. இலங்கைப் பொதுத் திருமணச் சட்டத்தில மதம் தடையில்லை. 1995 திருத்தத்தின்படி இரண்டு பேருக்கும் 18 வயது நிரம்பியிருக்க வேணும், உங்களுக்கு 23.

ஆனா நீங்க இஸ்லாத்துக்கு மாறி முடிச்சா, 1951ஆம் ஆண்டு முஸ்லிம் விவாகச் சட்டம்தான். அதில ஆணுக்குப் பலதார மணத்துக்கும் இடமிருக்கு. இதை அந்தப் பொடியனோட வெட்கப்படாமல் கதையுங்க, கடலைக் கொட்டையோட கதைக்கிற விசயமில்லை.

பதிவாளரிட்ட முதல்ல அறிவித்தல் குடுக்கவேணும். திருகோணமலையில அது அண்டைக்கே வீட்டுக்குத் தெரிஞ்சிடும். அதுக்கு முன்னம், இண்டைக்கே, மாமாவுக்கு முந்தி அம்மாட்ட நீங்களே சொல்லுங்க.