ஜன்னல் மூலை விரிசலுக்கு நிலநடுக்கம் காரணமா?

வேலூரில் உங்கள் வீட்டு ஜன்னல் மூலையில் விட்டிருக்கும் விரிசல், வீட்டில் யாரும் உணராத 2021 நிலநடுக்கத்தால் வந்ததா என்று கேட்டிருக்கிறீர்கள். அந்த ஆண்டு நவம்பர் 29 அதிகாலை வந்த அந்த நடுக்கம் காரணமாக இருக்க வாய்ப்பு மிகக் குறைவு. அளவு 3.6தான். மையமும் வேலூரிலிருந்து சுமார் 59 கி.மீ. தள்ளி, 25 கி.மீ. ஆழத்தில். மணி நாலே கால், ஊரே தூங்கும் நேரம். வீட்டில் யாருக்கும் தெரியாமல் போனதில் வியப்பில்லை. தூங்குகிறவரை எழுப்பாத அதிர்வு செங்கல் சுவரைப் பிளக்காது.

எனக்கு மழை மேல்தான் சந்தேகம். அந்த நவம்பரில் பாலாறே கரை புரண்டு ஓடியது. அஸ்திவாரத்து மண் ஊறி, அப்புறம் காயும்போது ஒரு பக்கம் இறங்கும். ஜன்னல் மூலையிலிருந்து சாய்வாக ஏறும் விரிசல் பெரும்பாலும் அப்படி வருவதுதான்.

ஒன்று செய்து பாருங்கள். விரிசல் முடியும் இடத்தில் பென்சிலால் குறுக்குக் கோடு போட்டு, பக்கத்தில் தேதி எழுதுங்கள். விரிசலின் உள்ளே தூசியும் ஒட்டடையும் இருந்தால் அது பழையது. இரண்டு மாதம் கழித்தும் கோட்டைத் தாண்டவில்லை என்றால் பூசிவிடலாம்.

ஆனால் ஐந்து ரூபாய் நாணயம் நுழையும் அகலமோ, கதவு திடீரென இறுகுவதோ இருந்தால் காத்திருக்க வேண்டாம், உடனே கட்டடப் பொறியாளரைக் கூப்பிடுங்கள். சரி, நம் பக்கம் பெரிய நிலநடுக்கம் வராது என்றும் நினைக்காதீர்கள். 1900இல் கோவைப் பக்கம் 6 அளவில் வந்திருக்கிறது.