பி.எட். இல்லாமல் வாசிப்புத் தன்னார்வலர் ஆக முடியுமா?

பி.எட். தேவையில்லை. பிள்ளைகளுக்கு வாசிக்கக் கற்றுத்தர விரும்பி மூன்று தொண்டு அமைப்புகளுக்கு எழுதியும் பதில் வரவில்லை என்கிறீர்கள். நீங்கள் பி.காம். என்பதால்தான் அவை பதில் போடவில்லை என்று நினைக்காதீர்கள். 1995-ல் மும்பையில் தொடங்கிய பிரதம் அமைப்பு, பள்ளிப்படிப்பு முடித்த உள்ளூர் இளம்பெண்களைக் கொண்டே பின்தங்கிய பிள்ளைகளுக்கு வாசிக்கக் கற்றுக்கொடுத்தது.

எனக்குச் சந்தேகம் அந்த அமைப்புகளுக்கு நீங்கள் எழுதிய மடல்மேல்தான். 'குழந்தைகளுக்கு ஏதாவது செய்ய ஆசை' என்று இருக்கிறது. எந்த ஊர், வாரத்தில் எந்த நாள், எத்தனை மாதம் என்று இல்லை. பாதியில் நின்றுவிடும் தன்னார்வலரால் பிள்ளையின் படிப்பும் நின்றுபோகும். அதனால் அமைப்புகள் முதலில் தேடுவது இந்த விவரங்களைத்தான்.

மறுபடி எழுதும் முன் ஒன்று செய்து பாருங்கள். பிள்ளைகள் எந்த அளவுக்கு வாசிக்கிறார்கள் என்று பார்க்கும் ஏசர் (ASER) ஆய்வின் வாசிப்புத் தாள் தமிழிலும் இணையத்தில் இலவசமாகக் கிடைக்கிறது. எழுத்து, சொல், ஒன்றாம் வகுப்புப் பத்தி, இரண்டாம் வகுப்புக் கதை என நான்கு படி. தெரிந்த வீட்டுப் பிள்ளை ஒன்றை, பெற்றோர் உடனிருக்க, பத்தியிலிருந்து படிக்கச் சொல்லுங்கள். சரளமாகப் படித்தால் கதை. திணறினால் சொல், அப்புறம் எழுத்து. இடையில் திருத்தாதீர்கள், அதுதான் கஷ்டம். பிள்ளை எந்தப் படியில் நிற்கிறது என்று கண்டுகொண்டால், பெயர் சொல்லாமல் அதை மடலில் இரண்டு வரி எழுதுங்கள். பி.எட். சான்றிதழைவிட அந்த இரண்டு வரி உங்களுக்காக அதிகம் பேசும்.

போட்டித் தேர்வுக்கும் படிக்கிறீர்கள் என்கிறீர்கள். தேர்வு நேரத்தில் வர முடியாது என்றால் இப்போதே சொல்லிவிடுங்கள். சேர்வதற்குப் பணம் கேட்டால் விலகிவிடுங்கள். காவல்துறைச் சரிபார்ப்பு கேட்டால் தயங்காமல் கொடுங்கள், அது பிள்ளைகளின் பாதுகாப்புக்காக.