தரங்கம்பாடி: தர்மபுரியிலிருந்து அம்மாவுடன் இரண்டு நாள்

வணக்கம் சகோதரி. மூட்டு வலியுள்ள அம்மாவையும் கடலையே பார்த்திராத பிள்ளைகளையும் தரங்கம்பாடிக்கு அழைத்துப்போகலாமா என்று கேட்டிருந்தீர்கள். தாராளமாகப் போங்கள். நானும் தர்மபுரிக்காரன்தான்.

வாடகைக் கார் வேண்டாம். அவ்வளவு தூரம் காலை மடக்கி உட்கார அம்மாவால் முடியாது. மைசூரிலிருந்து ஓசூர், தர்மபுரி வழியாக வரும் இரவு ரயிலில் கீழ்ப் படுக்கை எடுத்து, மயிலாடுதுறையில் இறங்குங்கள். அங்கிருந்து பஸ் இருக்கிறது.

ஊர் மிகச் சிறியது. நுழைவாயிலைத் தாண்டினால் ராஜ வீதி. அதன் முடிவில் டேனிஷ்காரர்கள் 1620இல் கட்டத் தொடங்கிய கோட்டை, எதிரே கடல். வழியிலேயே ஜெர்மானியப் பாதிரியார் சீகன்பால்கு 1718இல் கட்டிய புதிய எருசலேம் தேவாலயம். 1706இல் இங்கு வந்திறங்கிய அவர், தமிழ் கற்று, புதிய ஏற்பாட்டைத் தமிழில் அச்சேற்றினார். பிள்ளைகளுக்கு இதைக் கட்டாயம் சொல்லுங்கள். நாம் கையில் பிடித்திருக்கும் தமிழ்ப் புத்தகத்தின் கதையில் இந்தத் தெருவுக்கும் பங்கு உண்டு. கரையோரம் மாசிலாமணிநாதர் கோயில், பாண்டியர் காலத்தது. பழைய கட்டடத்தில் பெரும்பகுதியைக் கடல் கொண்டுபோய்விட்டது. அதைப் பார்த்துவிட்டு நெடுநேரம் பேசாமல் நின்றேன்.

வெயில் ஏறுமுன் காலையிலும், பிறகு மாலையிலும் மட்டும் நடக்க வையுங்கள். அலையில் பிள்ளைகளை இறங்க விடாதீர்கள். கரையில் பாறைகள் கிடக்கின்றன. ஐப்பசி, கார்த்திகை மழையில் போகவே வேண்டாம், தை மாதம் நல்லது.

மறுநாள் அம்மாவுக்காகத் திருக்கடையூர். பக்கம்தான். முகூர்த்த நாளாக இருந்தால் அறுபதாம் கல்யாணக் கூட்டத்தில் அவரால் நிற்க முடியாது. நாட்காட்டியைப் பார்த்துவிட்டு டிக்கெட் எடுங்கள்.