குடல் வளர்க்கும் ஆராய்ச்சிக்கு மகள் போகலாமா?

வணக்கம் அம்மா. குழந்தைகளுக்குச் சிறுகுடல் வளர்த்துத் தரும் ஆராய்ச்சிக்குப் போகப்போவதாக மகள் சொல்கிறாள், இது நடக்கிற காரியமா என்று கேட்டிருக்கிறீர்கள்.

அவள் பிடித்திருப்பது நல்ல கேள்வி. குறைமாதத்தில் பிறந்த சிசுவின் குடல் அழுகிப்போனாலோ, முறுக்கிக்கொண்டாலோ பெரும்பகுதியை வெட்டி எடுக்க வேண்டிவரும். மிச்சக் குடல் சத்தை உறிஞ்சப் போதாது. அதனால் பெரிய ரத்தக்குழாயில் ஒரு குழாயைப் பொருத்தி, பல மணி நேரம் ஊட்டச்சத்தை நேரடியாக ரத்தத்தில் ஏற்றுவார்கள். உயிர் காக்கும் அந்தக் குழாய் வழியாகவே கிருமித்தொற்று வரும். நாளடைவில் கல்லீரலும் கெடலாம். மாற்றுக் குடல் பொருத்தினாலோ உடல் அதை நிராகரிக்காமலிருக்கத் தொடர்ந்து மருந்து சாப்பிட வேண்டும். குழந்தையின் சொந்த செல்லிலிருந்தே குடல் வளர்த்தால் இந்தத் தொல்லை குறையும் என்பதுதான் நம்பிக்கை.

2009இல் சாட்டோ, கிளெவர்ஸ் என்ற ஆய்வாளர்கள் எலிக்குடலின் ஒற்றை ஸ்டெம் செல்லிலிருந்து (பெருகி மற்ற வகை செல்களாகவும் மாறக்கூடிய மூலச் செல்) ஆர்கனாய்டு எனும் குட்டிக் குடல் உருண்டைகளை வளர்த்தார்கள். 2020இல் லண்டன் குழுவொன்று, குடல் செயலிழந்த குழந்தைகளின் செல்களை, செல்களை நீக்கிவிட்டு வெறும் கூடாக எடுத்த குடல் சட்டகத்தில் வளர்த்துக் காட்டியது. எனக்கு மிகவும் பிடித்தது 2021இல் ஜப்பானியக் குழு செய்தது: எலியின் பெருங்குடல் உட்படலத்தை அகற்றிவிட்டுச் சிறுகுடல் ஆர்கனாய்டுகளை அங்கே பதித்தார்கள்; அந்தப் பகுதி சிறுகுடலைப்போல வேலை செய்தது. ஆனால் உணவைத் தள்ளும் தசை, அதை இயக்கும் நரம்பு, ரத்த ஓட்டம், இவையெல்லாம் சேர்ந்த முழுக்குடல் வழக்கமான சிகிச்சையாக இன்னும் வரவில்லை. உங்கள் மகளுக்கு அங்கே நிறைய வேலை காத்திருக்கிறது.

அதற்காக இளநிலையிலேயே ‘திசுப் பொறியியல்’ (இப்படி உடல் திசுக்களை வளர்த்தெடுக்கும் துறை) என்று பெயர் போட்ட படிப்பைத்தான் தேட வேண்டும் என்பதில்லை. நோயாளிக் குழந்தையோடு இருக்க ஆசையென்றால் மருத்துவம், பிறகு குழந்தை அறுவைச் சிகிச்சை. செல்லின் போக்கு ஈர்த்தால் உயிரியல். சட்டகம் செய்வது பிடித்தால் பொருளறிவியலோ வேதிப்பொறியியலோ. பட்டம் வாங்கியதும் இதே துறையில் வேலை என்று எதிர்பார்க்காதீர்கள். பெரும்பாலும் முனைவர் பட்டம்வரை போக வேண்டியிருக்கும். இடையில் மனம் மாறினாலும் செல் வளர்க்கத் தெரிந்தவர்களுக்கு மருந்துப் பரிசோதனையிலும் செல் சிகிச்சைத் தயாரிப்பிலும் இடமுண்டு.

முதலில் ஒரு விடுமுறையில் செல் வளர்ப்பு ஆய்வகம் எதிலாவது அவளைச் சில வாரம் உட்கார வையுங்கள். சில நாளுக்கொருமுறை ஊட்டத்திரவம் மாற்ற வேண்டும். கொஞ்சம் பூஞ்சை புகுந்தால் வாரக்கணக்கான உழைப்பைக் கொட்டிவிட்டு மறுபடி தொடங்க வேண்டும். அதைப் பார்த்த பிறகு அவள் என்ன சொல்கிறாள் என்று எழுதுங்கள். எந்தப் படிப்பு என்பதை அப்போது பேசி முடிவெடுப்போம்.