வளர்ந்த பிறகும் மலிவான ஃபாஸ்ட் ஃபுட் சாப்பிடும்போது உங்கள் மனதில் என்ன ஓடும்?

பிடிக்கும். அதை முதலில் சொல்லிவிடுகிறேன்.

"இந்த வயதிலும் இதைச் சாப்பிடுகிறோமே என்ற உறுத்தல் உங்களுக்கும் வருமா? பிள்ளைகளுக்கு வேண்டாம் என்று சொல்லிவிட்டு நான் மட்டும் வெளியில் சாப்பிட்டு வருகிறேன்" என்று கேள்வியின் விளக்கத்தில் எழுதியிருந்தீர்கள். எனக்கும் வரும். ஆனால் இந்த உறுத்தலோடு பல வருடம் பழகியதில் ஒன்று தெளிவானது. அதில் பாதிக்கு மேல் உடம்பைப் பற்றியதே இல்லை, நாலு பேர் என்ன நினைப்பார்கள் என்பதைப் பற்றியது. அந்தப் பாதியைக் கழித்துவிட்டால்தான் உண்மையிலேயே கவனிக்க வேண்டிய மீதி கண்ணுக்குத் தெரிகிறது.

நான் இங்கே பேசுவது ஒரே பெயரில் ஊரூராகக் கிளை வைத்திருக்கும் கடைகளின் பர்கர், ஃப்ரெஞ்ச் ஃப்ரைஸ், பொரித்த சிக்கன், கோலா வகையறாக்களைப் பற்றி. அதிலும் மெனுவில் விலை குறைந்த வரிசையில் இருப்பவை.

முதலில் ருசி. விளம்பரத்தில் மயங்கித்தான் இதைச் சாப்பிடுகிறோம், உண்மையில் இதில் ருசியே கிடையாது என்று சொல்பவர்களோடு எனக்கு உடன்பாடில்லை. எண்ணெயிலிருந்து அப்போதுதான் எடுத்த ஃப்ரைஸ் ஒன்றைப் பொறுமையாகக் கடித்துப் பாருங்கள். உருளைக்கிழங்குத் துண்டுகளை ஆலையிலேயே வெந்நீரில் அரை வேக்காடாக்கி, ஒரு முறை எண்ணெயில் போட்டு எடுத்து, உறையவைத்துக் கடைக்கு அனுப்புகிறார்கள். கடையில் நடப்பது இரண்டாவது பொரிப்பு. நன்றாகக் காய்ந்த எண்ணெயில் விழுந்ததும் மேற்புறத்து ஈரம் ஆவியாகி நுரைத்துக்கொண்டு வெளியேறுகிறது. மேலே காகிதம்போல மெல்லிய மொறுமொறுப்பு, உள்ளே மாவாக உடையும் மென்மை. அந்தப் பொன்னிறமும் வாசனையும் சர்க்கரையும் அமினோ அமிலமும் சூட்டில் வினைபுரிந்து வருபவை. 1912-ல் லூயி கமீய் மையார் என்ற பிரெஞ்சு வேதியியலாளர் விவரித்த வினை அது. ரொட்டியின் மேல்தோலுக்கும் வறுத்த காப்பிக்கொட்டைக்கும் மணம் கொடுப்பதும் அதேதான். மனித நாக்கு இதற்கு இளகுவதில் வெட்கப்பட என்ன இருக்கிறது?

ஆனால் அந்த நிலை கொஞ்ச நேரம்தான். உள்ளே இருக்கும் ஈரம் மெல்ல வெளி ஓட்டுக்கு வந்து சேரும், ஓடு துவண்டுவிடும். அதன் பிறகு மிஞ்சுவது உப்பும் எண்ணெயும் மட்டும். அப்போதும் கை பைக்குள் போய்க்கொண்டே இருக்கும், கவனித்திருக்கிறீர்களா? ருசி போன பிறகும் ஓயாத அந்தக் கைதான் என்னை யோசிக்க வைத்தது. அதைப் பற்றிப் பிறகு சொல்கிறேன்.

இன்னொரு சுகம், அது மாறாமல் இருப்பது. 1986-ல் தி எகானமிஸ்ட் பத்திரிகை நாடுகளின் நாணய மதிப்பை ஒப்பிட மெக்டொனால்ட்ஸின் பிக் மேக் பர்கரின் விலையை அளவுகோலாக எடுத்துக்கொண்டது. எந்த நாட்டில் வாங்கினாலும் ஏறக்குறைய ஒரே பொருள் என்பதால்தான் அது சாத்தியமானது. பெரியவர்களின் நாள் முழுக்க முடிவுகள்தான். வேலையில், வீட்டில், பணத்தில், பெற்றவர்களின் உடல்நலத்தில் என்று எதிலும் என்ன வரும் என்று தெரியாது. அப்படி ஒரு நாளின் கடைசியில், என்ன வரும் என்று நிச்சயமாகத் தெரிந்த ஒரு பொட்டலம் கைக்கு வருவது பெரிய ஆறுதல். இதை அற்பமாகப் பேச எனக்கு மனம் வருவதில்லை.

இனி அந்த வெட்கம். சின்ன வயதில் யாராவது கூட்டிப்போனால்தான் உண்டு. தேர்வில் நல்ல மதிப்பெண், பிறந்தநாள் என்று ஏதாவது காரணம் வேண்டும். சம்பாதிக்க ஆரம்பித்ததும் யாரையும் கேட்க வேண்டியதில்லை என்று ஆனது. அந்தச் சுதந்திரத்தை நான் நன்றாகவே அனுபவித்தேன். ஆனால் சுதந்திரம் கிடைக்கிற அதே வயதில் எழுதப்படாத ஒரு விதியும் வந்து சேர்கிறது. பொறுப்பான ஆள் இதையெல்லாம் தாண்டி வந்திருக்க வேண்டும், நல்ல இடத்தில் நல்லதாகச் சாப்பிடத் தெரிந்திருக்க வேண்டும் என்ற விதி. இதே பர்கரைப் பெரிய ஓட்டலில் பீங்கான் தட்டில் வைத்து ஐந்து மடங்கு விலைக்குக் கொடுத்தால் யாரும் முகம் சுளிப்பதில்லை. அங்கே இருப்பதும் பன், இறைச்சி, சீஸ், உப்புதான். சுளிப்பு பெரும்பாலும் விலையைப் பார்த்து வருகிறது. "அதையா சாப்பிடுகிறாய்" என்ற கேள்விக்குள் "உன்னால் வேறு முடியாதா" என்பதும் இருக்கிறது. எனக்கு அதுதான் வலிக்கும்.

இத்தனைக்கும் இது பணமில்லாதவர்களின் சாப்பாடு என்பதே சரியில்லை. அமெரிக்க நோய்க் கட்டுப்பாட்டு மையம் 2018-ல் வெளியிட்ட கணக்கு ஒன்று உண்டு. 2013 முதல் 2016 வரை எடுத்த கணக்கெடுப்பில், ஏதேனும் ஒரு நாளை எடுத்துக்கொண்டால் அந்நாட்டுப் பெரியவர்களில் 36.6 சதவீதம் பேர் ஃபாஸ்ட் ஃபுட் சாப்பிட்டிருந்தார்கள். வருமானப்படி பிரித்துப் பார்த்தால் குறைந்த வருமானப் பிரிவில் 31.7 சதவீதம், அதிக வருமானப் பிரிவில் 42 சதவீதம். வசதி கூடக்கூட சாப்பிடுவதும் கூடியிருக்கிறது. அப்படியிருக்க, ஏச்சு மட்டும் ஏன் இல்லாதவர்கள் தலையிலேயே விழுகிறது?

இந்தச் சங்கடம் நம் காலத்தில் வந்ததும் இல்லை. 1921-ல் அமெரிக்காவின் விச்சிட்டா நகரில் வொயிட் காசில் கடை தொடங்கியபோது ஒரு பர்கர் 5 சென்ட். அரைத்த இறைச்சி என்றாலே மக்கள் சந்தேகப்பட்ட காலம் அது. அதனால்தான் சுத்தத்தைக் காட்ட வெள்ளை நிறக் கட்டடம், உள்ளே பளபளக்கும் எஃகு, சமைப்பதை நேரில் பார்க்கும் வசதி எல்லாம். 1930-ல் அந்த நிறுவனத்தின் ஏற்பாட்டில் மின்னசோட்டா பல்கலைக்கழகத்தில் ஒரு சோதனை நடந்தது. ஒரு மருத்துவ மாணவர் 13 வாரம் அந்த பர்கரையும் தண்ணீரையும் மட்டுமே உட்கொண்டார். ஆள் நலமாகத்தான் இருந்தார். விற்பவரே ஏற்பாடு செய்து, ஒரே ஒருவரை வைத்து நடத்திய சோதனை எதையும் நிரூபிக்காது. ஆனால் நூறு வருடத்துக்கு முன்பே மக்கள் ஒரு கையில் பர்கரும் மனதில் உறுத்தலுமாக நின்றிருக்கிறார்கள் என்பது அதில் தெரிகிறது.

சரி, இப்போது உடம்பு. இந்த விஷயத்தில் என் மனதை மாற்றியது ஓர் ஆய்வு. அமெரிக்கத் தேசிய சுகாதார நிறுவனத்தில் கெவின் ஹால் குழு செய்து 2019-ல் வெளியிட்டது. 20 பேரை அங்கேயே தங்கவைத்து, இரண்டு வாரம் ஆலையில் மிகவும் பதப்படுத்திய உணவுகளும் இரண்டு வாரம் அதிகம் பதப்படுத்தாத உணவுகளும் கொடுத்தார்கள். வேண்டிய மட்டும் சாப்பிடலாம். தட்டில் வைத்த கலோரி, சர்க்கரை, கொழுப்பு, உப்பு, நார்ச்சத்து எல்லாம் இரண்டு பக்கமும் முடிந்தவரை சமம். அப்படியும் பதப்படுத்திய உணவு கிடைத்த நாட்களில் ஆளுக்கு ஒரு நாளைக்கு ஏறக்குறைய 500 கலோரி அதிகமாகச் சாப்பிட்டிருந்தார்கள். எடையும் ஒரு கிலோ அளவுக்கு ஏறியது, மற்ற இரண்டு வாரத்தில் அதே அளவுக்கு இறங்கியது.

இதில் என்னை நிறுத்தி யோசிக்க வைத்த இடம் வேறு. இரண்டு வகையில் எது சாப்பிட நன்றாக இருந்தது என்று அவர்களிடமே கேட்டார்கள். பெரிய வித்தியாசம் சொல்லவில்லை. அதாவது அதிகம் ருசித்ததால் அதிகம் சாப்பிட்டார்கள் என்று சொல்ல வழியில்லை. வித்தியாசமாக இருந்தது வேகம். பதப்படுத்திய உணவை அவர்கள் வேகமாகச் சாப்பிட்டிருந்தார்கள். மென்மையான பன், அரைத்துத் தட்டிய இறைச்சி, வழுக்கிக்கொண்டு போகும் சாஸ், கூடவே குடிக்கக் கோலா. மெல்ல வேண்டிய வேலை குறைவு. போதும் என்ற சேதி வயிற்றிலிருந்து மூளைக்குப் போய்ச் சேர்வதற்குள் பொட்டலம் காலி. ஆறிய ஃப்ரைஸுக்குள்ளும் கை போய்க்கொண்டே இருப்பதை நினைத்துப் பார்த்தேன்.

இந்த வேகம் தற்செயலானதும் இல்லை. 1948-ல் கலிபோர்னியாவின் சான் பெர்னார்டினோவில் மெக்டொனால்டு சகோதரர்கள் நன்றாக ஓடிக்கொண்டிருந்த கடையை மூடிவிட்டுப் புதிதாக அமைத்தார்கள். 25 அயிட்டம் இருந்த மெனு 9 ஆனது. தட்டு, கத்தி, முள்கரண்டி எல்லாம் போய்க் காகிதம் வந்தது. டென்னிஸ் மைதானத்தில் சாக்பீஸால் சமையலறையை வரைந்து, யார் எங்கே நின்றால் நேரம் மிச்சமாகும் என்று ஆட்களை நடக்கவிட்டுப் பார்த்திருக்கிறார்கள். மூளை உள்ள வேலை, பாராட்டத்தான் வேண்டும். ஆனால் வேகத்துக்காகவே கட்டிய இடத்தில் சாப்பிடுகிறவரும் வேகமாகத்தான் சாப்பிட்டு எழுகிறார்.

உப்பையும் சொல்ல வேண்டும். பெரியவர்களுக்கு நாளொன்றுக்கு 5 கிராமுக்கும் குறைவாக, அதாவது ஒரு தேக்கரண்டிக்குள் உப்பு என்பது உலக சுகாதார நிறுவனத்தின் வரம்பு. ஒரு பர்கர் காம்போவிலேயே அதில் பாதிக்கு மேல் போய்விடக்கூடும்.

மலிவு என்பதில் எனக்கு இன்னொரு சங்கடமும் உண்டு, அதை யாரும் அதிகம் பேசுவதில்லை. இவ்வளவு குறைந்த விலைக்கு இதைக் கொடுக்க முடிகிறதென்றால் மிச்சத்தை யார் சுமக்கிறார்கள்? எண்ணெய்ச் சூட்டின் முன்னால் மணிக்கணக்காக நிற்பவர்கள் அதில் ஒரு பங்கைச் சுமக்கிறார்கள். 2012 நவம்பர் 29 அன்று நியூயார்க்கில் ஃபாஸ்ட் ஃபுட் ஊழியர்கள் மணிக்கு 15 டாலர் கூலியும் சங்க உரிமையும் கேட்டு வேலையை விட்டு வெளியே வந்தார்கள். அந்தப் போராட்டம் பல நகரங்களுக்குப் பரவியது. கலிபோர்னியாவில் 2024 ஏப்ரல் முதல் பெரிய ஃபாஸ்ட் ஃபுட் நிறுவனக் கடைகளின் ஊழியர்களுக்கு மணிக்கு 20 டாலர் என்று சட்டமே வந்துவிட்டது. இந்த உறுத்தல் எனக்கு இருக்கட்டும் என்றே நினைக்கிறேன். கவுண்டரில் நிற்பவரிடம் கடுகடுக்காமல் பேசவும், விலை கொஞ்சம் ஏறினால் முணுமுணுக்காமல் கொடுக்கவும் அது உதவுகிறது.

இப்போது நான் எப்படிச் சாப்பிடுகிறேன் என்று கேட்டால், வாங்குவது சின்ன சைஸ். காம்போவில் கோலாவுக்குப் பதில் தண்ணீர். பசித்த நேரத்தில், கடையிலேயே உட்கார்ந்து, போனைப் பையில் போட்டுவிட்டு, ஃப்ரைஸை முதலில். மிகவும் களைத்துப்போன இரவுகளில் மட்டும் முடிந்தவரை தவிர்க்கிறேன். அந்த மாதிரி இரவில் எனக்குத் தேவைப்படுவது தூக்கம், அதைப் பசி என்று எடுத்துக்கொண்டு ஆர்டர் செய்துவிடுவேன் என்று தெரியும். வீட்டில் முட்டையும் ரொட்டியும் இருந்தாலே அந்த இரவு கடந்துவிடும். ஆனால் இரண்டு வேலை பார்த்துவிட்டு, சமைக்க இடமோ நேரமோ இல்லாமல் வருகிறவருக்கு இந்த யோசனையைச் சொல்ல எனக்கு உரிமையில்லை. அவருக்கு அந்தப் பொட்டலம் அன்றைய சாப்பாடு. அவ்வளவுதான், அதில் யாரும் குற்றம் காண வேண்டாம்.

உங்களுக்கு ரத்த அழுத்தமோ சர்க்கரையோ இருந்து மருத்துவர் அளவு சொல்லியிருந்தால், நான் எழுதியதைத் தள்ளிவைத்துவிட்டு அவர் சொன்னபடி செய்யுங்கள்.

பிள்ளைகள் விஷயத்தில் ஒன்று மட்டும் அழுத்திச் சொல்கிறேன். மறைத்துச் சாப்பிடாதீர்கள். என் அலுவலக நண்பர் ஒருவர் காருக்குள்ளேயே அவசரமாகச் சாப்பிட்டு, காகிதங்களைச் சுருட்டி வழியில் இருக்கும் குப்பைத்தொட்டியில் போட்டுவிட்டு, ஜன்னலைத் திறந்து வாசனை போன பிறகுதான் வீட்டுக்குள் போவார். அவர் அந்தச் சாப்பாட்டை ஒரு நாள்கூட நிதானமாக ருசித்ததில்லை, பயத்தில் விழுங்கியிருக்கிறார். அவர் பிள்ளைகளுக்கோ அது இன்னும் பெரிய ஆசைப்பொருளாகிவிட்டது. 1979-ல் மெக்டொனால்ட்ஸ் பொம்மையோடு ஹேப்பி மீல் கொண்டுவந்த நாளிலிருந்து இந்தச் சாப்பாடு குழந்தைகளிடம் பரிசாகத்தான் போய்ச் சேர்கிறது. நாமும் மதிப்பெண்ணுக்குப் பரிசாகக் கொடுத்து, அதையே தண்டனையாக நிறுத்திவைத்து அதை மேலும் உயரத்தில் தூக்கி வைக்கிறோம். காரணம் எதுவும் வேண்டாம், எப்போதாவது ஒரு சாயங்காலம் அவர்களையும் கூட்டிக்கொண்டு போய், எல்லோருமாக உட்கார்ந்து சாப்பிட்டு வாருங்கள். உப்பு ஏன் அதிகம், கோலா ஏன் வேண்டாம் என்பதையும் அங்கேயே பேசலாம். வீட்டுக்குள் தடைபோட்டுப் பேசுவதைவிட அது நன்றாகக் காதில் விழும்.