மகள் ஃப்ரைபெர்க்கில், ஹோட்டல் ஃப்ரைபூர்க்கிலா?

கேள்வி: என் மகள் ஜெர்மனியில் சாக்சனி மாநிலத்தின் ஃப்ரைபெர்க் ஊரில் மேற்படிப்புப் படிக்கிறாள். 2026 டிசம்பரில் நானும் மனைவியும் போய்ப் பத்து நாள் அவளோடு இருந்து, கிறிஸ்துமஸ் சந்தைகளையும் மலை ஊர்களையும் பார்க்க ஆசை. அவளுக்கு 22-ஆம் தேதிதான் விடுமுறை தொடங்குகிறது. அதனால் 23 முதல் ஜனவரி 2 வரை ஏஜென்ட் ஒரு திட்டம் போட்டுத் தந்திருக்கிறார்: பாரிஸ் 3 இரவு, ‘ஃப்ரைபூர்க், கருங்காடு’ 7 இரவு. சந்தைகள் புத்தாண்டு வரை இருக்குமாம். ஜெர்மனிக்கு அப்பாயின்ட்மென்ட் கிடைக்காது, பிரான்ஸ் விசா வாங்கினால் எங்கும் போகலாம் என்கிறார். நம்பலாமா?
- ஓய்வுபெற்ற ஆசிரியர், தஞ்சாவூர்

பதில்: ஐயா, அந்த ஏஜென்டிடம் இன்னும் முன்பணம் கொடுக்கவில்லை என்றால் கொடுக்காதீர்கள். உங்கள் மகள் இருப்பது ஃப்ரைபெர்க். அவர் எழுதியிருப்பது ஃப்ரைபூர்க். ஒரே எழுத்துதான் வித்தியாசம், ஆனால் இரண்டும் வேறு வேறு ஊர்கள். ஃப்ரைபெர்க் ஜெர்மனியின் கிழக்கே, டிரெஸ்டன் நகரத்துக்குப் பக்கத்தில், 1765-இல் தொடங்கிய சுரங்கக் கல்லூரி உள்ள பழைய வெள்ளிச் சுரங்க ஊர். ஃப்ரைபூர்க் தென்மேற்கு மூலையில், கருங்காடு (பிளாக் ஃபாரஸ்ட்) என்ற மலைப்பகுதியில், பிரான்ஸ் எல்லையை ஒட்டி இருக்கிறது. ஒன்றிலிருந்து இன்னொன்றுக்கு ரயிலில் போக ஏறக்குறைய ஒரு பகல் பொழுதே போய்விடும். கையில் இருக்கும் கருங்காடு பேக்கேஜை அப்படியே எடுத்து உங்கள் பெயரைப் போட்டிருக்கிறார், அவ்வளவுதான். மகளின் அழைப்புக் கடிதத்தில் ஓர் ஊர், ஹோட்டல் முன்பதிவில் வேறு ஊர் என்று போனால் விசா அதிகாரி என்ன நினைப்பார்? இதே குழப்பத்தோடு என்னிடம் வந்த ஒரு தம்பதிக்கு, நிராகரிப்புக் கடிதம் கைக்கு வந்த பிறகுதான் ஊர் மாறியிருந்ததே தெரிந்தது.

அடுத்தது பிரான்ஸ் விசா. ஜெர்மனி, பிரான்ஸ் உள்ளிட்ட ஐரோப்பிய நாடுகளுக்குப் பொதுவான ஷெங்கன் விசா ஒன்றுதான், அந்த நாடுகளில் எங்கும் போகலாம் என்பது சரி. ஆனால் யாரிடம் கேட்பது என்பதற்கு விதி இருக்கிறது. எந்த நாடு உங்கள் பயணத்தின் முக்கிய இடமோ, அந்த நாட்டிடம்தான் விண்ணப்பிக்க வேண்டும். அதிக இரவு தங்குவது எங்கே, எதற்காகப் போகிறீர்கள் என்ற இரண்டையும் பார்ப்பார்கள். உங்களுக்கு 7 இரவு ஜெர்மனி, போவதும் மகளைப் பார்க்க. எப்படிப் பார்த்தாலும் ஜெர்மனிதான்.

இதில் ஒரு விதிவிலக்கு உண்டு. ஏஜென்ட்டுகள் விளையாடுவதே இதில்தான் என்பதால் கொஞ்சம் விரிவாகச் சொல்கிறேன். இரண்டு நாடுகளும் எல்லா வகையிலும் சமம் என்றால் மட்டும், முதலில் எந்த நாட்டு எல்லைக்குள் நுழைகிறீர்களோ அந்த நாட்டிடம் கேட்கலாம். 5 இரவு பிரான்ஸ், 5 இரவு ஜெர்மனி, இரண்டும் சுற்றிப் பார்க்கத்தான், பாரிஸில் போய் இறங்குகிறீர்கள் என்று வையுங்கள். அப்போது பிரான்ஸ். அதே ஐந்துக்கு ஐந்து, ஆனால் ஃபிராங்ஃபர்ட்டில் இறங்குகிறீர்கள் என்றால் ஜெர்மனி. 6, 4 ஆனால் இந்த விலக்கு கிடையாது. பாரிஸில் விமானம் மாறுவதாலும் கிடையாது. பலர் “முதலில் இறங்கும் நாட்டில் விசா வாங்க வேண்டும்” என்று மொட்டையாகச் சொல்வதன் மூலம் இதுதான். உங்களிடமும் அடுத்த வாரம் வந்து, “சார், பேப்பரில் மட்டும் ஐந்து ஐந்து என்று காட்டிவிடலாம், பிறகு ஹோட்டலை ரத்து செய்துவிட்டு நேரே மகளிடம் போங்கள்” என்பார். செய்யாதீர்கள். கையெழுத்து உங்களுடையது. எல்லையில் அதிகாரி “எங்கே தங்குகிறீர்கள்” என்று கேட்கும்போது அவர் உங்கள் பக்கத்தில் நிற்கமாட்டார்.

அப்பாயின்ட்மென்ட் கஷ்டம் என்று அவர் சொன்னது மட்டும் பொய்யில்லை. பெற்ற மகளைப் பார்க்கப் போகும் ஒருவர் ராத்திரி கம்ப்யூட்டர் முன் உட்கார்ந்து காலி இடம் தேட வேண்டியிருப்பது எனக்குக் கோபத்தையே தருகிறது. இந்தக் கெடுபிடிதான் ஏஜென்ட்டுகளுக்குச் சோறு போடுகிறது. போதாக்குறைக்கு, நிராகரித்தால் தூதரகத்திடமே மறுபரிசீலனை கேட்கும் வழியை ஜெர்மனி 2025 ஜூலை முதல் எடுத்துவிட்டது. இனி புதிதாக விண்ணப்பிக்க வேண்டும், அல்லது அந்த நாட்டு நீதிமன்றத்துக்குப் போக வேண்டும். கட்டிய 90 யூரோவும் திரும்பாது. அதனால் முதல் தடவையே சுத்தமாகக் கொடுக்க வேண்டும். பயணத்துக்கு 6 மாதம் முன்பிருந்தே விண்ணப்பிக்கலாம். டிசம்பர் பயணத்துக்கு ஜூன், ஜூலையிலேயே இடம் தேடத் தொடங்குங்கள். உங்கள் ஓய்வூதிய விவரம், வங்கிக் கணக்கு, 30,000 யூரோவுக்குக் குறையாத மருத்துவக் காப்பீடு, மகளின் அழைப்புக் கடிதம், அவளுடைய குடியிருப்பு அனுமதி நகல், கல்லூரிச் சான்று ஆகியவை அடிப்படை. இதில் ஏஜென்ட் மட்டுமே வாங்கக்கூடிய காகிதம் ஒன்றுகூட இல்லை.

சரி, தேதிக்கு வருவோம். 1434-இல் தொடங்கிய டிரெஸ்டனின் ஸ்ட்ரீட்சல்மார்க்ட் சந்தை 24-ஆம் தேதி மதியத்தோடு முடிந்துவிடும். அதே மாநிலத்தின் லைப்சிக் நகரச் சந்தையைப் பெரும்பாலும் 23-ஆம் தேதியே மூடிவிடுவார்கள். ஏஜென்ட் சொன்ன தேதியில் போனால், கடைகளைப் பிரித்து லாரியில் ஏற்றுவதைத்தான் பார்ப்பீர்கள்.

என் யோசனை: டிசம்பர் 16 போய்ச் சேருங்கள், 28 கிளம்புங்கள். நீங்கள் சொன்னதைவிட இரண்டு நாள் கூடும். மகளுக்கு வகுப்பு இருந்தால் என்ன? சந்தைகள் களைகட்டுவதே இருட்டிய பிறகுதான். அங்கே டிசம்பரில் மாலை 4 மணிக்கே இருட்டிவிடும். ஃப்ரைபெர்க்கிலேயே ஓபர்மார்க்ட் சதுக்கத்தில் சந்தை உண்டு, வகுப்பு முடிந்ததும் அவளே கூட்டிப் போவாள். 19 சனிக்கிழமை டிரெஸ்டன். 20 ஞாயிற்றுக்கிழமை அன்னாபெர்க்-புக்ஹோல்ட்ஸ். கிறிஸ்துமஸுக்கு முந்தைய நான்கு ஞாயிறுகளை அட்வென்ட் என்பார்கள், அதில் கடைசி ஞாயிறன்று அங்கே சுரங்கத் தொழிலாளர் ஊர்வலம் நடக்கும், பழைய சீருடையும் பித்தளை வாத்தியமுமாக. குளிர்காலத்தில் இருட்டோடு சுரங்கத்தில் இறங்கி இருட்டோடு மேலே வந்தவர்களின் ஊர்கள் அவை. ஜன்னலுக்கு ஜன்னல் வில் வடிவ மரச்சட்டத்தில் விளக்கு வைப்பது அந்த வெளிச்ச ஏக்கத்தில் வந்த பழக்கம் என்பார்கள்.

ஒருநாள் ஸைஃபன் போங்கள். ரயில் கிடையாது, கடைசிக் கட்டம் பஸ்தான். வெள்ளீயச் சுரங்கம் ஓய்ந்ததும் மரப் பொம்மைக்கு மாறிய கிராமம் அது. கடைசல் இயந்திரத்தில் ஈர மரத்துண்டை வளையமாகக் கடைவார்கள். பார்த்தால் வண்டிச் சக்கரத்துக்குச் செய்வது போல் இருக்கும், என்னவென்றே புரியாது. கடைந்த வளையத்தைக் கத்தியால் பிளந்ததும் வெட்டு முகத்தில் ஒரு குதிரை நிற்கும். கேக்கை வெட்டுவதுபோல வெட்ட வெட்ட, ஒரே வளையத்திலிருந்து ஒரு மந்தையே வரும். இதை மனைவிக்குக் கட்டாயம் காட்டுங்கள்.

பனி கொட்டும் என்று மட்டும் எதிர்பார்த்துப் போகாதீர்கள். டிரெஸ்டனில் வெறும் மழையாகக்கூட இருக்கலாம். ஆனால் மழைக்குப் பிறகு உறையும் தரை வழுக்கும். ஸ்வெட்டருக்குச் செலவழிப்பதைவிட நல்ல பிடிப்புள்ள ஷூவுக்குச் செலவழியுங்கள்.

ஐரோப்பா முழுவதற்கும் செல்லும் ரயில் பாஸ் ஒன்றையும் ஏஜென்ட் தலையில் கட்டப் பார்ப்பார். வேண்டாம். மூன்று பேர் சேர்ந்து போகும் நாளில், உள்ளூர் ரயில்களுக்கான சாக்சன்-டிக்கெட் என்ற ஒருநாள் சீட்டு ஒன்று போதும். ஒரே சீட்டில் ஐந்து பேர் வரை, நாள் முழுக்க. வேலை நாளில் காலை 9 மணிக்குப் பிறகுதான் செல்லும், சனி ஞாயிறில் அந்தக் கட்டுப்பாடு இல்லை. ஐசிஇ போன்ற வேக ரயில்களில் மட்டும் ஏறிவிடாதீர்கள்.

அப்புறம், கடைசி நான்கு நாள். 24 மதியம் 2 மணிக்குக் கடைகள் மூடும். 25, 26 அரசு விடுமுறை. 2026-இல் அவை வெள்ளி, சனி. 27 ஞாயிறு, அன்றும் கடை கிடையாது. ஆக, வியாழன் மதியம் மூடிய கடை திங்கள் காலைதான் திறக்கும். மகளுக்கு விடுமுறை, வீட்டிலேயே சேர்ந்து சமைத்துச் சாப்பிடலாம், நல்லதுதான். ஆனால் பால், பிரெட், காய்கறி எல்லாம் 23 புதன்கிழமை சாயங்காலமே வீட்டில் இருக்க வேண்டும். பிரஷர், சர்க்கரை மாத்திரைகளைத் தஞ்சாவூரிலிருந்தே முழுக் கணக்குக்கும் ஒரு வாரம் கூடுதலாக, டாக்டர் சீட்டோடு எடுத்துப் போங்கள். இங்கே போல மருந்துக்கடையில் அட்டையைக் காட்டி வாங்க அங்கே முடியாது.